லேபிளில் விட்டுப்போன வரி

அண்ணனுக்கு எதையும் சத்தமாகப் படித்தால்தான் படித்த மாதிரி இருக்கும். செய்தித்தாள் ஆனாலும் சரி, மருந்துச் சீட்டு ஆனாலும் சரி, கேட்பதற்குப் பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும். அதிலும் அந்த இன்ஜின் ஆயில் பாட்டில் கையில் கிடைத்துவிட்டால் போச்சு, ஆளை விடமாட்டார். அவர் வண்டி ஓட்டுகிற வாடகை வண்டி ஸ்டாண்டில் டீ குடிக்க ஒதுங்கிய டிரைவர் எவனாவது மாட்டினால், பாட்டிலைத் திருப்பிப் பின்பக்கத்துப் பொடி எழுத்தைக் கண்ணுக்கு ஒட்டினாற்போல் பிடித்துக்கொண்டு ஆரம்பிப்பார். "கீழ்க்கண்ட கார் நிறுவனங்களின் அங்கீகாரம் பெற்றது. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. நாலாவது யாரு? நம்ம வண்டி. பார்த்துக்கோ." அதற்கப்புறம்தான் அசல் விஷயத்துக்கு வருவார். "இதை எழுதினது யாரு தெரியுமா? என் தங்கச்சி."

எழுதினது என்பது கொஞ்சம் கூடுதல்தான். தங்கைக்கு வீட்டில் சுண்டு என்று பெயர். கடைக்குட்டி என்பதால் வைத்தது, நாற்பது தாண்டியும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அவள் ஓர் இன்ஜின் ஆயில் கம்பெனியில் தொழில்நுட்ப அதிகாரி. பாட்டிலில் ஒட்டுகிற ஒவ்வொரு லேபிளும் அவள் மேஜைக்கு வந்து, அவள் ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் அச்சுக்குப் போகும். ஸ்டாண்டில் இருக்கிற அத்தனை டிரைவர்களும் அந்த ஆயிலையே ஊற்றினார்கள் என்றால் அது விளம்பரத்தைப் பார்த்து இல்லை. அண்ணனுடைய வாய்தான் காரணம்.

இந்த அங்கீகாரம் என்கிற சமாசாரத்தைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மேற்கொண்டு புரியாது. ஒவ்வொரு கார் கம்பெனிக்கும் தன் இன்ஜினைப் பற்றித் தனிக் கவலை உண்டு. ஆயில் கம்பெனிக்காரன் தன் ஆயிலைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அவர்கள் சொல்கிற சோதனைக்கூடத்தில் அவர்களுடைய இன்ஜினிலேயே ஊற்றி, வாரக்கணக்கில் ஓடவிட்டு, பிறகு அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றி, எங்கே தேய்ந்திருக்கிறது, எங்கே கசடு படிந்திருக்கிறது என்று பார்ப்பார்கள். எல்லாம் சரியாக இருந்தால் ஒரு கடிதம் கொடுப்பார்கள். அதுதான் அங்கீகாரம். இன்னொரு வகை இருக்கிறது. ஆயில் கம்பெனியே தன் ஆய்வுக்கூடத்தில் நாலு சோதனை செய்து பார்த்துவிட்டு, "இந்த வண்டிகளுக்கும் இது ஏற்றது" என்று தானே போட்டுக்கொள்வது. பெண் வீட்டார் பார்த்துச் சம்மதம் சொல்வது ஒன்று. மாப்பிள்ளை வீட்டாரே "அந்தப் பெண் எங்களுக்குத்தான்" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவது இன்னொன்று. இரண்டும் ஒன்றாகுமா?

இந்த ஆயிலின் பெரிய டப்பாவில் இரண்டு வகையும் தனித்தனியாகத்தான் இருந்தன. "அங்கீகாரம் பெற்றது" என்று ஒரு தலைப்பு, அதன் கீழ் இரண்டு கார் கம்பெனிகள். "கம்பெனி சோதனையின்படி ஏற்றது" என்று இன்னொரு தலைப்பு, அதன் கீழ் இரண்டு. அண்ணன் வண்டியின் கம்பெனி இந்தக் கடைசி இரண்டில் ஒன்று. பிறகு ஒரு லிட்டர் பாட்டில் போடலாம் என்று முடிவானது. சின்ன பாட்டில், சின்ன லேபிள், அதில் குழந்தைகள் எட்டாத இடத்தில் வைக்கவும் என்ற படம், கையுறை படம், குப்பைத்தொட்டி படம் எல்லாம் கட்டாயம். லேபிள் வடிவமைக்கிறவர் போன் செய்தார். "மேடம், எவ்வளவு சுருக்கினாலும் ஒரு வரி இடிக்குது. எதையாவது எடுத்தாகணும்."

சுண்டு திரையில் பார்த்தாள். ஒரு கார் கம்பெனியின் பெயரை எடுக்கலாம். எடுத்தால் விற்பனை மேலாளர் எள்ளும் கொள்ளுமாக வெடிப்பார். இரண்டாவது தலைப்பை எடுக்கலாம். எடுத்தால் யாரும் கேட்கப்போவதில்லை. நாலு பெயரும் ஒரே தலைப்பின் கீழ் வரிசையாக நிற்கும், பார்க்கவும் நன்றாக இருக்கும். "அந்த ரெண்டாவது தலைப்பை எடுத்துருங்க" என்றாள். கையெழுத்தும் போட்டாள்.

மறதி என்று சொல்லி அவளைக் காப்பாற்ற எனக்கும் ஆசைதான். மறதி இல்லை. தெரிந்துதான் செய்தாள். நம்ம ஆயில் எதில் குறைச்சல், அனுப்பினால் பாஸ் ஆகத்தான் போகிறது, அடுத்த வருஷம் அனுப்பிவிடலாம் என்று மனசுக்குள் ஒரு சப்பைக்கட்டுக் கட்டிக்கொண்டு சாப்பிடப் போய்விட்டாள். லேபிள் லட்சக்கணக்கில் அச்சாகி வெளியே போனது. அதில் நாலு பாட்டில் அண்ணன் வண்டிக்குள் போனது.

வண்டி படுத்துவிட்டது.

சவாரி ஏற்றிக்கொண்டு போகும்போதே இன்ஜினில் ஊளையிடுகிற மாதிரி ஒரு சத்தம், பின்னால் நீலப் புகை, அப்புறம் இழுவையே இல்லை. வண்டி வாங்கி இன்னும் வாரண்டி முடியவில்லை என்பதால் அண்ணன் பயப்படவில்லை. கார் கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்குக் கட்டி இழுத்துக்கொண்டு போனார். அவர்கள் திறந்து பார்த்து, இன்ஜினுக்குக் காற்றை அழுத்தி ஊட்டும் டர்போ போய்விட்டது, உள்ளே கசடு அடைத்திருக்கிறது, என்ன ஆயில் ஊற்றினீர்கள் என்று கேட்டார்கள். அண்ணன் பெருமையாகச் சொன்னார். அந்த ஆயில் எங்கள் அங்கீகாரப் பட்டியலில் இல்லை, வாரண்டி தர முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

அண்ணன் போன் செய்தபோது அவர் குரலில் கவலையே இல்லை. "சுண்டு, இங்க ஒரு அம்மா புரியாம பேசிக்கிட்டு இருக்காங்க. நீ ஒரு நடை வந்து ரெண்டு வார்த்தை சொல்லிட்டுப் போ. நான் சொன்னா நம்ப மாட்டேங்கறாங்க."

 வேலை இருக்கிறது என்று சுண்டு சொல்லியிருக்கலாம். சொன்னால் அண்ணன் "முடிச்சிட்டு வா, காத்திருக்கேன்" என்பார். அவர் அப்படித்தான். போனாள்.

சர்வீஸ் சென்டரில் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் வாடிக்கையாளர்கள் உட்காரும் நாற்காலிகள், அந்தப் பக்கம் வரிசையாகத் தூக்கி நிறுத்திய வண்டிகள். அண்ணன் நாலு காலி பாட்டிலையும் பையில் போட்டுக் கொண்டுவந்து கவுண்டரின் மேல் அடுக்கி வைத்திருந்தார். வாரண்டி அதிகாரி சாம்பல் நிறக் கோட்டுப் போட்ட ஒரு பெண். சிடுசிடுப்பெல்லாம் இல்லை, சலிக்காமல் பேசினாள். சலித்துப் பேசியிருந்தால் சுண்டுவுக்குக் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும்.

"இதோ, வந்துட்டா" என்றார் அண்ணன், உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி. "அந்தக் கம்பெனியில பெரிய பதவி. இந்த லேபிள்ல கையெழுத்துப் போட்டவளே இவதான். இப்பக் கேளுங்கம்மா."

அதிகாரி எழுந்து வணக்கம் சொல்லி உட்காரச் சொன்னாள். "மேடம், லேபிள்ல எங்க பேரு போட்டிருக்கு, நான் இல்லைன்னு சொல்லலை. ஆனா எங்க பட்டியல்ல உங்க ஆயில் இல்லை. சில சமயம் எங்க பக்கம் பதிவு ஏத்தறதுக்குத் தாமதமாகும். எங்க கம்பெனி உங்களுக்குக் குடுத்த அங்கீகாரக் கடிதம் இருக்குமில்லையா, அதை அனுப்பச் சொல்லுங்க. வந்த நிமிஷமே கிளெய்மைப் போட்டுடறேன்."

"அவ்வளவுதானே" என்று அண்ணன் தங்கையைப் பார்த்துச் சிரித்தார். "ஆபீசுக்குப் போன் போடு, சுண்டு."

இல்லாத கடிதத்தை எங்கிருந்து அனுப்புவது? சுண்டு ஒரு பாட்டிலை எடுத்துப் பார்க்கிற மாதிரி பார்த்தாள். அவர்கள் பாட்டில்தான். அவர்கள் அச்சுதான். கழுத்தில் அடித்திருந்த எண்ணைப் பார்த்தே எந்த மாதத்துச் சரக்கு என்று சொல்லியிருப்பாள். எல்லாரும் அவள் வாயையே பார்த்தார்கள். 'லேபிள் தப்பு' என்று இரண்டு வார்த்தை சொன்னால் முடிந்தது. அண்ணனுக்குச் சர்வீஸ் சென்டரில் கிடைக்காத பணம் ஆயில் கம்பெனியிடம் கிடைக்க வழி பிறந்திருக்கும். அந்த இரண்டு வார்த்தையை அவள் சொல்லவில்லை. 

"இது எங்க பாட்டில் மாதிரி தெரியலை" என்றாள். "போலியா இருக்கலாம்."

ஆயில் தொழிலில் இருக்கிறவர்களுக்கு இது நுனி நாக்கில் இருக்கிற பதில். எங்கே என்ன புகார் வந்தாலும், போலிச் சரக்கு, நாங்கள் பொறுப்பில்லை என்று கைகழுவி விடலாம். அவளே பலமுறை போனில் முன்பின் தெரியாதவர்களுக்கு அந்தப் பதிலைச் சொல்லியிருக்கிறாள். எதிரில் சொந்த அண்ணன் நிற்கும்போதும் அதுவே வந்து விழுந்தது, பாவி நாக்கு.

அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. அவளிடமிருந்து பாட்டிலை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு வாரண்டி அதிகாரியைப் பார்த்துக் கும்பிட்டார். "மன்னிச்சுக்கோங்கம்மா. விஷயம் தெரியாம உங்களை ரொம்பப் பேசிட்டேன்" என்றார். நாலு பாட்டிலையும் பொறுக்கிப் பைக்குள் போட்டார். இவ்வளவு நேரம் நிமிர்ந்து நின்ற மனிதர், நாற்காலிகளுக்கு நடுவே யார் முகத்தையும் பார்க்காமல் ஓரமாக நடந்து வெளியே போனார். சுண்டு பின்னாலேயே போனாள். அவளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. ஆனால் பிடுங்கிக்கொள்ளவில்லை, வாசலில் வைத்து இன்னொரு பொய்யும் சொன்னாள்.

"எதை வச்சு போலின்னு கண்டுபிடிச்சே?" என்று கேட்டார் அண்ணன். அவர் சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை, கற்றுக்கொள்ளக் கேட்டார். மற்ற டிரைவர்களுக்குச் சொல்ல வேண்டுமே.

"மூடியில வளையம் இருக்குல்ல, அது லூசா இருக்கு. நம்மளுது இறுக்கமா இருக்கும்."

"அப்படியா?" என்று அண்ணன் வளையத்தைத் தடவிப் பார்த்தார். "ஸ்பேர் என்னை ஏமாத்திட்டானே, சுண்டு."

ஸ்பேர் என்பவர் ஸ்டாண்டுக்கு எதிரே உதிரிபாகக் கடை வைத்திருப்பவர், அண்ணன் ஆயில் வாங்கியது அவரிடம்தான். அண்ணனோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர். அவர் நிஜப் பெயர் அவர் மனைவிக்காவது நினைவிருக்கிறதோ என்னவோ. "அவருக்கே தெரியாம இருந்திருக்கும்ணே" என்று சுண்டு முனகினாள். செய்வதையும் செய்துவிட்டு, தான் நல்லவள் என்று காட்டிக்கொள்ள ஒரு முனகல். அண்ணன் காதில் அது ஏறவில்லை.

அடுத்த நாள் அண்ணி போன் செய்தாள். "உங்க அண்ணனுக்கு என்ன ஆச்சுன்னு தெரியலை. ஸ்பேர் கடைக்குள்ள போய் அவர் சட்டையைப் பிடிச்சிருக்கார். அவர் பொண்டாட்டி கல்லாவுல உட்கார்ந்து பார்த்துக்கிட்டு இருக்கா. கூடப் படிச்சவனுக்கே போலியை வித்தியேடான்னு தெருவே கேட்கக் கத்தியிருக்கார். ஸ்டாண்ட்ல இருக்கற பசங்க எல்லாம் வாங்கின பாட்டிலைக் கொண்டுபோய் அவர் கடை வாசல்ல வச்சிட்டு வந்துட்டாங்களாம். இவ்வளவு வருஷப் பழக்கம், ஒரே நாள்ல நாறிப்போச்சு."

சுண்டு "ம்" என்றாள். 

அவள் அலுவலகத்தில் விற்பனை மேலாளரிடம் போய்ப் பேசிப் பார்த்தாள். ஒரு லிட்டர் லேபிளைத் திருத்த வேண்டும், அதை நம்பி ஒரு வண்டிக்கு வாரண்டி போய்விட்டது என்று மென்று விழுங்கிச் சொன்னாள். அண்ணன் வண்டி என்று சொல்லவில்லை.

"நீங்க என்ன பதில் சொன்னீங்க?" என்று கேட்டார் மேலாளர்.

"போலியா இருக்கலாம்னு சொன்னேன்."

"அப்புறமென்ன? நானா இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். நான்கூட உங்களை என்னவோ லேப் ஆள், பேசத் தெரியாதுன்னு நெனச்சிட்டேன். பரவாயில்லையே." அவர் உண்மையாகவே பாராட்டினார். டீ வரவழைத்துக் கொடுத்தார். யாராவது முகத்தில் துப்பியிருந்தால்கூட அவளுக்கு இவ்வளவு கேவலமாக இருந்திருக்காது. அந்த டீயையும் குடித்துவிட்டுத்தான் எழுந்து வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டுக்குப் போனாள். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனாள். ஆனால் உள்ளே நுழைந்ததும் அண்ணன் தண்ணீர் கொடுத்தார், மின்விசிறியை அவள் பக்கம் திருப்பி வைத்தார், வண்டி இல்லாமல் வீட்டில் இருப்பதும் நன்றாகத்தான் இருக்கிறது என்று ஜோக் அடித்தார். சாப்பாடு முடியட்டும் என்று தள்ளிப்போட்டாள். முடிந்தது. அண்ணி தட்டை எடுக்கட்டும் என்று தள்ளிப்போட்டாள். அப்போதுதான் வாசலில் ஸ்பேர் வந்து நின்றார். அவர் கையில் திறக்காத ஓர் ஆயில் பாட்டில் இருந்தது.

"உன்கிட்ட பேச வரலை" என்றார் ஸ்பேர், எழுந்து நின்ற அண்ணனைப் பார்த்து. "உன் தங்கச்சியைப் பார்க்க வந்தேன். அவ வண்டி வாசல்ல நிக்கறதைப் பார்த்தேன்." பாட்டிலைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேஜையில் அவளுக்கு எதிரில் வைத்தார். "அதே பெட்டியில மிச்சம் இருந்தது இது. உங்க கம்பெனி வேன்ல வந்து இறங்கின சரக்கும்மா. வேற யார்கிட்டயும் நான் வாங்கறதில்லை. நீ பார்த்துச் சொல்லு. போலின்னு சொன்னா கடையை இழுத்து மூடிட்டுப் போறேன். உன் பேச்சை நான் நம்பறேன்."

இவரும் நம்புகிறாராம். சுண்டு தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மூடியைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

"அசல்தான்" என்றாள்.

"இது அசலா இருக்கும். எனக்குக் குடுத்தது வேற" என்றார் அண்ணன்.

"உனக்குக் குடுத்ததும் அசல்தான்ணே. லேபிள்தான் தப்பு. உன் வண்டி கம்பெனியோட அங்கீகாரம் எங்க ஆயிலுக்குக் கிடையாது. நாங்க சோதனைக்கு அனுப்பவே இல்லை."

அண்ணன் அவளையே பார்த்தார். பிறகு அவருக்கு என்னவோ புரிந்துவிட்ட மாதிரி தலையாட்டினார். ஸ்பேரைக் காட்டி, "இவனைப் பார்த்துப் பாவப்பட்டுச் சொல்றியா? வேண்டாம், சுண்டு. இவனுக்காக நீ உன் தலையில போட்டுக்காதே. சின்ன வயசுல இருந்தே உனக்கு இளகின மனசு" என்றார்.

அப்போதுதான் சுண்டுவுக்கு அழுகை வந்தது. பொய்யை ஒரே வாக்கியத்தில் நம்பிய மனிதர் உண்மையை நம்பமாட்டேன் என்கிறார். தான் அயோக்கியத்தனம் செய்ததை அவருக்கு அவளே வாதாடி நிரூபிக்க வேண்டும். இதைவிட ஒரு தண்டனை உண்டா என்ன? எல்லாவற்றையும் சொன்னாள். பெரிய டப்பாவில் இரண்டு தலைப்பு இருப்பதை, சின்ன லேபிளில் ஒரு வரி இடித்ததை, தான் எடுக்கச் சொன்னதை எல்லாம் சொன்னாள்.

அண்ணன் பொறுமையாகக் கேட்டார். "இடம் இல்லை, சரி. இடம் இல்லைன்னா எங்க வண்டி பேரைத்தானே எடுக்கணும்? தலைப்பை எதுக்கு எடுத்தே?"

"பேரை எடுத்தா விக்காது."

அந்தப் பதில்தான் அவரை எட்டியது. அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அண்ணி கையில் தட்டுகளோடு அப்படியே நின்றாள். 

"அந்த அம்மா கடிதம் கேட்டாங்களே, அப்பவே உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"மூடி, வளையம், அதெல்லாம்?"

"பொய்ணே."

"நான் அதைப் போய் ஸ்டாண்ட்ல எல்லாருக்கும் சொல்லிக் குடுத்தேன், சுண்டு" என்றார் அண்ணன். அவர் திட்டவில்லை, கத்தவில்லை. வளையத்தைத் தடவிப் பார்க்கச் சொல்லிக்கொடுத்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டியிருக்கலாம், ஓங்கி ஓர் அறை விட்டிருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பாள்.

ஸ்பேர்தான் வெடித்தார். "நல்லா இருக்கும்மா. உங்க கம்பெனி விக்கணும், உன் வேலை நிக்கணும், அதுக்கு என் சட்டையா கிடைச்சுது? என் பொண்டாட்டி அன்னியிலருந்து கடைக்கு வரமாட்டேங்கறா. தெருவுல போனா திருடன் பொண்டாட்டின்னு பார்க்கறாங்களாம்."

"மன்னிச்சுக்கோங்க" என்றாள் சுண்டு.

"என்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்? ஸ்டாண்ட்ல வந்து சொல்லு."

அண்ணன் எழுந்து சட்டையை மாட்டினார். "நான் சொல்றேன். கத்தினது நான்தானே" என்று ஸ்பேரின் தோளைத் தொட்டார். ஸ்பேர் தோளை உதறிக்கொண்டார். சுண்டுவும் எழுந்தாள். "நீ வேண்டாம்" என்றார் அண்ணன், அவளைப் பார்க்காமல். அவள் கேட்கவில்லை, பின்னாலேயே நடந்தாள். நடக்கும்போதே போனை எடுத்து நிறுவனத் தலைவருக்கு எழுதி அனுப்பினாள். ஒரு லிட்டர் லேபிள் தவறு, தெரிந்தே கையெழுத்துப் போட்டேன், சரக்கைக் கடைகளிலிருந்து திரும்ப எடுக்க வேண்டும், வாரண்டி இழந்தவர்களுக்குக் கம்பெனிதான் பொறுப்பு. நாலே வரிதான். இதை எழுத அவளுக்கு இத்தனை நாள் பிடித்தது.

ஸ்டாண்டில் ஞாயிற்றுக்கிழமை கூட்டம் குறைவு. ஏழெட்டு வண்டிகள், நிழலில் நின்று பேசிக்கொண்டிருந்த டிரைவர்கள். ஸ்பேரும் அண்ணனும் சேர்ந்து வருவதைப் பார்த்துப் பேச்சு நின்றது. அண்ணன் நடுவில் போய் நின்றார். எதையும் சத்தமாகச் சொல்கிற மனிதருக்கு அன்று குரலே எழும்பவில்லை. "அன்னிக்கு நான் சொன்னது தப்பு. இவன் வித்தது நல்ல சரக்குதான். போலி இல்லை. நான் கை வச்சிருக்கக் கூடாது" என்றார்.

"அப்ப வண்டி எப்படிண்ணே போச்சு? யார் மேல தப்பு?" என்று ஒருவன் கேட்டான்.

அண்ணன் தலையைச் சொறிந்தார். "அது வந்து... கம்பெனி தப்பு" என்றார். அப்போதும் அவர் அவளைக் காட்டிக்கொடுக்கவில்லை.

"என் தப்பு" என்று சுண்டு முன்னால் வந்தாள். அண்ணனிடம் சொன்னதையே மறுபடி சொன்னாள். இரண்டாம் தடவை சுலபமாக இருக்கும் என்று நினைத்திருந்தாள். இல்லை. உடம்பு கூசியது. முகம் தெரியாத ஆட்கள் என்றால் பரவாயில்லை, இவர்கள் எல்லாரும் அவளைப் பற்றி அண்ணன் சொல்லிச் சொல்லிக் கேட்டவர்கள். ஒருவன் காறித் தரையில் துப்பினான். இன்னொருவன், "படிச்சவங்கன்னு நெனச்சோம்" என்று முணுமுணுத்தான்.

கொஞ்சம் வயதான ஒரு டிரைவர் முன்னால் வந்தார். அவருக்குக் கோபப்பட நேரமில்லை, பயம்தான் இருந்தது. "எங்க வண்டியிலயும் அதுதாம்மா ஓடிக்கிட்டிருக்கு. அண்ணன் வண்டி மாதிரியேதான் என்னுதும். இப்ப நாங்க என்ன பண்றது? இதுவும் படுத்துடுமா?"

"படுக்கும்னு சொல்ல முடியாது, படுக்காதுன்னும் சொல்ல முடியாது" என்றாள் சுண்டு. "எங்க அண்ணன் வண்டி இந்த ஆயிலாலதான் போச்சான்னுகூட நிச்சயமாத் தெரியாது. அந்த இன்ஜின்ல ஓட்டிப் பார்த்திருந்தாத்தான் தெரியும். நாங்க பார்க்கலை. ஆயிலை இறக்கிடுங்க. வண்டியோட புத்தகத்துல ஒரு அங்கீகார எண் போட்டிருக்கும். அந்த எண் உள்ள ஆயிலா வாங்கி ஊத்துங்க. கூடவே ஃபில்டரையும் மாத்திடுங்க. செலவு எங்க கம்பெனிதான் தரணும், நான் எழுதியிருக்கேன்."

அத்தனையும் சரியான பதில். இந்தத் தொழிலுக்கு வந்ததிலிருந்து அவள் இவ்வளவு நேர்மையாக யாருக்கும் பதில் சொன்னதில்லை. வயதான டிரைவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். நம்புவதா வேண்டாமா என்று தெரியாமல், பழக்க தோஷத்தில் அண்ணன் பக்கம் திரும்பினார்.

"என்னண்ணே, தங்கச்சி சொல்றபடி செய்யலாமா?"

அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். சுண்டு அவர் முகத்தையே பார்த்தாள். ஒரு தலையாட்டல் போதும் அவளுக்கு.

"வண்டி கம்பெனிக்கே போன் பண்ணிக் கேட்டுக்கோங்க" என்றார் அண்ணன்.